பல்லில் தெரியும் ஊர்

பெங்களூரில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் தீப்பெட்டி கேட்பார்கள். வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை நான். முன்பற்களில் ஓடும் பழுப்புக் கோடுகளைப் பார்த்து, இவரிடம் நிச்சயம் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். இல்லை என்றால் கஞ்சன் என்பதுபோல் ஒரு பார்வை.

தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊரில் இந்தத் தொல்லை இல்லை. வகுப்பு முழுக்க இதே பல். எல்லாரும் வாய்விட்டுச் சிரிப்போம். வெள்ளைப் பல் சினிமாக்காரர்களுக்கு மட்டும் முளைக்கும் என்று நினைத்திருந்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது கல்லூரிக்குப் போன பிறகே தெரிந்தது. எனக்குப் பிறக்கும் பிள்ளை அந்தத் தண்ணீரில் வளரக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். பெங்களூரின் ஓரத்தில் பொம்மசந்திராவில் வேலை கிடைத்ததும் கிளம்பி வந்தேன். வாடகைக்குப் பிடித்த கட்டடத்தின் பெயர் காவேரி. காவேரி பலகையோடு நின்றுவிட்டது. குழாயில் வந்தது போர் தண்ணீர். "நம்ம போர் நீரு சக்கத்தாகிதே சார்" என்றார் வீட்டுக்காரர். பிரமாதமாக இருக்கிறதாம். ஃபுளோரைடு மாநில எல்லையிலேயே இறங்கிக்கொள்ளும் என்று நினைத்த படித்தவன் நான். நம்பினேன். மகளுக்கும் அதையே புகட்டினேன்.

போன வாரம் எட்டு வயது தீபிகாவின் புது முன்பல்லில் பழுப்புக் கோடு. மனைவி தஞ்சாவூர்க்காரி, பல் பளிச்சென்று இருக்கும்.

"பாத்தீங்களா, உங்க வம்சம் வந்துடுச்சு."

மூவரும் பல் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா குழந்தையை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார். "நிம்ம ஊரு யாவுது?" உங்கள் ஊர் எது என்று கேட்டார்.

"பெங்களூரு."

சிரித்தார். "அது ஈகா. முஞ்சே?" இது இப்போது, முன்பு எது என்கிறார். சொன்னேன். உடனே தமிழுக்கு மாறினார்.

"பாப்பாவும் அங்கதான் வளந்தாளா?"

"இல்ல டாக்டர், இங்கதான். போர் தண்ணி."

"அப்போ இது பரம்பரை இல்ல சார், தண்ணி. வந்த கறை தானா போகாது. இனி வர்ற பல்லுக்காவது தண்ணிய மாத்துங்க."

"அப்ப நான் யாரத் திட்டுறது?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. நகரின் நடுவே ஆற்று நீர் குழாயில் வரும் வீடுகளில் பிள்ளைகள் அழகாகச் சிரிக்கிறார்கள். நல்ல குடும்பத்துக் களை என்கிறார்கள். நான் என் மகளுக்குக் கொடுத்த சொத்து ஒரு விலாசம். அத்திப்பள்ளியில் எல்லை போட்டுப் பிரித்த இரண்டு மாநிலங்களும் கீழே ஒரே பாறைமேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சார், தீப்பெட்டி இருக்கா?"

தீபிகா சிரித்துவிட்டாள். சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள். ஊரில் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதை எங்கே கற்றாள் என்று நிமிர்ந்தேன். கண்ணாடியில் என் கையும் என் வாய்மேல் இருந்தது.