திரும்ப மறுத்த ரயர்

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோய், ஒரு சைக்கிள் ரியூப்புக்குக்கூட நாயாய் அலைந்த காலம். அப்போது தெல்லிப்பழையில் சின்னதாக ஒரு கராச் வைத்திருந்தேன். கைவேலை தெரிந்தவன் என்று ஊரில் பெயர். வாயும் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் காலை, தபாற்கந்தோரில் வேலை செய்யும் ஓர் இளைஞர் தன் பெரிய மோட்டார் சைக்கிளோடு வந்தார். நானூறு இறாத்தல் எடையுள்ள பழைய இங்கிலாந்து வண்டி. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓடவும் அப்போதுதான் பழகியிருந்தார். கூடவே ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி. அவரை நெல்லியடியில் தாய் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டுமாம். பின் ரயரோ நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

மோட்டார் சைக்கிள் ரயருக்கு எங்கே போவது? ஒரு பழைய காரில் கழற்றிய, அதிகம் தேயாத இரண்டு ரயர்கள் என்னிடம் இருந்தன. அளவு பொருந்தியது. ஒன்றை அவருக்குப் பூட்டினேன். என்னிடமும் அதே மாதிரி வண்டி இருந்ததால் மற்றதை எனக்கென்று எடுத்து வைத்தேன். ஆசை, வேறென்ன. கராச்சுக்கு முன்னால் நேரான றோட்டு. அதில் அவருடைய வண்டியை ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். ஆட்டமில்லாமல் அருமையாகப் போனது.

"தம்பி, ரயரிலை ஒரு பிழையும் இல்லை. இனிப் பிழை எண்டால் ஓடுற ஆளிலைதான்," என்றேன். அவர் சிரித்தபடி மனைவியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

மற்ற ரயரை என் வண்டிக்குப் பூட்டிக்கொண்டு மத்தியானம் சாப்பிட வெளிக்கிட்டேன். றோட்டு வளையும் முதல் முடக்கில் வழக்கம்போல வண்டியைச் சரித்தேன். அது சரியவில்லை. யாரோ பிடித்துத் தூக்கியதுபோல நிமிர்ந்து, வளையாமல் நேரே போய், ஒரு வீட்டுக் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றது. மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"படலை அங்காலை இருக்குது, தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டார் சைக்கிள் ரயரின் முகம் தேங்காய்போல உருண்டிருக்கும். அதனால்தான் வண்டி சரிந்து திரும்புகிறது. கார் ரயரின் முகம் பலகைபோலத் தட்டை. கார் சரிந்தா திரும்புகிறது? இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். நேர் றோட்டில் மட்டும் ஓடிப் பார்த்துவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அதில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

அவர்கள் போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. வேறு வண்டி தேட நேரமில்லை. அதே வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் விட்டேன்.

ஒவ்வொரு முடக்கும் ஒரு கண்டம். திரும்பவேண்டிய பக்கத்து ஹாண்டிலை உள்ளங்கையால் முன்னுக்கு அழுத்தித் தள்ளினேன். முதலில் மறுக்கும். பிறகு ரயரின் விளிம்பில் ஏறித் திடீரென்று சரியும். பிடியைச் சற்றுத் தளர்த்தினால் உடனே நிமிர்ந்து மதகைப் பார்த்துப் போகும். ஓடிப் பழகிய எனக்கே இந்தப் பாடு என்றால் அந்தத் தம்பி என்ன செய்வார்? ஒவ்வொரு முடக்கிலும் வேலியோரம் பார்த்தேன். உடைந்த மதில் இருக்கிறதா, சனம் கூடி நிற்கிறதா என்று தேடினேன்.

அச்சுவேலியில் ஒரு தேத்தண்ணிக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"ஓம், இப்பதான் போனவை. அந்தப் பிள்ளைத்தாய்ச்சி இந்த முடக்கிலை நடந்தெல்லோ போனது," என்றார்.

எப்போதோ நெல்லியடிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் இப்போதுதான் இதைத் தாண்டியிருக்கிறார்கள். அதுவும் நடந்து. விழுந்துதான் விட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வல்லை வெளி. அந்த நீண்ட நேர் றோட்டில், எதிர்க்காற்றிலும் ரயர் துளி ஆடவில்லை. அது அவ்வளவு நன்றாக ஓடியதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெளி முடியும் முடக்கில் கண்டேன். அந்த இளைஞர் சட்டை நனைந்து ஒட்ட, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். மனைவி பையோடு பின்னால் நடந்தார். இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"முதல் முடக்கிலையே வண்டி திரும்பேல்லை அண்ணை. அதாலை முடக்குக்கு முடக்கு இறங்கி உருட்டுறன்," என்றார்.

"அப்ப ஏன் தம்பி உடனை திரும்பி வரேல்லை?"

"நீங்கள்தானே அண்ணை சொன்னீங்கள், பிழை எண்டால் ஓடுறவனிலை எண்டு. எனக்குத்தான் ஓடத் தெரியேல்லை எண்டு நினைச்சன்."

மனைவி மெதுவாகச் சொன்னார்: "ஒவ்வொரு முடக்கிலையும் இவர் என்னட்டை மன்னிப்புக் கேட்டவர்."

பிழை என்னுடையது என்று நடுறோட்டில் நின்றே சொன்னேன். அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அந்த வண்டியைப் பக்கத்து வீட்டில் நிறுத்தினேன். மறுநாள் என் வண்டியில் முன்பு கழற்றி வைத்த மோட்டார் சைக்கிள் ரயரை அதற்குப் பூட்டிக் கொடுத்தேன். என் வண்டி ஆறு மாதம் கராச் மூலையில் கிடந்தது. கிடக்கட்டும்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் என்றோ மறந்திருப்பேன். என் வாய்ச்சொல்லை நம்பி அந்த மனிதர் தன் கையையும் கண்ணையும் நம்பாமல் போனாரே, அதை நினைக்கும்போது, ஒரு வண்டியைத் திருத்தி ஒருவர் கையில் கொடுக்கையில் 'சரி' என்ற சொல் இன்றும் எனக்கு இலேசில் வாயில் வருவதில்லை.