சுண்ணாம்பு சுட்ட கன்னம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஆறு, தங்கியது ஐந்து. கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓர்ப்படி, செத்து விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். எனக்குத் தெரிந்த எழுத்து, பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும்போது பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டே நான் கற்றுக்கொண்டது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் உலை கொதித்துவிடும். இருந்தாலும் இதை இன்னொருவர் கையால் எழுத விடமாட்டேன்.

எழுதக் காரணம் என் மூத்த மகன். முந்தாநாள் மத்தியானம் ரசத்தை வாயில் விட்டவன் முகத்தைச் சுளித்தான்.

“என்னலே?” என்றேன்.

“ஒண்ணுமில்லம்மா. வெத்தலச் சுண்ணாம்பு சுட்டிருக்கு,” என்று இடது கன்னத்தைத் தடவினான்.

அகப்பையைக் கீழே வைத்தேன். இவனுடைய அப்பாவும் இதே கன்னத்தைத் தடவிக்கொண்டு இதே சொல்லைத்தான் சொன்னார். வாயால் எடுத்துச் சொன்னால் இவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அதனால்தான் எழுதுகிறேன்.

திருச்செந்தூருக்கு ரயில் வராத காலம் அது. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, வாய்க்காலுக்கு அக்கரையில் எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வரிசையாக நிற்கும் அகத்தியில் கொடி ஏறியிருக்கும். உள்ளே நுழைந்தால் உச்சி வெயிலிலும் உடம்பு குளிரும். அவர் அங்கிருந்து கூப்பிட்டால் இக்கரையில் அடுப்படி வரைக்கும் எனக்குக் கேட்கும்.

“ஏளா...”

பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அந்த ‘ளா’வை அவர் இழுப்பார். வாய்க்காலையும் வாழைகளையும் தாண்டி அது வந்து சேரும். ஊரில் எல்லா ஆண்களும் வீட்டுக்காரியை ஏளா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த ஒரு குரலுக்குத்தான் தலை திரும்பும்.

கஞ்சிக் கலயத்தோடு நான் அக்கரைக்குப் போவேன். குடித்து முடித்ததும் கையை நீட்டுவார். வெற்றிலையின் காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, தூத்துக்குடியில் தோணியில் வந்து இறங்கும் யாழ்ப்பாணத்துப் புகையிலையில் ஒரு துண்டு கிள்ளி வைத்து மடித்துக் கொடுப்பேன். வேறு யார் மடித்தாலும் அவர் வாயில் போடமாட்டார். எனக்கும் ஒன்று மடித்துக்கொள்வேன். கொடிக்கால்காரர் வீட்டில் சோறில்லாத நாள் இருக்கலாம், வெற்றிலையில்லாத நாள் கிடையாது.

ஒரு ஐப்பசியில்தான் அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு சுண்ணாம்பு சுட்டதென்றார். வெற்றிலை போடும் எல்லோருக்கும் வருவதுதானே? என் மாமியார் உடனே வழி சொன்னார்.

“சுண்ணாம்பைக் குறைச்சிரு. போயிலையைக் கொஞ்சம் கூட்டி வையி. வலி மரத்துப் போவும்.”

அப்படியே செய்தேன். வலி மரத்தது. “உன் கை மருந்துக் கைளா!” என்றார். எனக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

பிறகு, மூன்று வெற்றிலை போட்டவர் இரண்டு போதுமென்றார். தை மாதத்தில் ஒன்று போதுமென்றார். சிக்கனமாகிவிட்டார் என்று கேலி பேசினேன். வாய் திறக்க முடியாமல்தான் அப்படிச் சொன்னார் என்பது, ஒரு நாள் சோற்றுருண்டை உள்ளே போகாமல் இலையில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

விடியுமுன் வண்டி கட்டிப் பாளையங்கோட்டைக்குப் போனோம். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். வேதப்புத்தகம் வாசிப்பது மாதிரித் தமிழ் பேசுவார். “உமது வாயைத் திறவும்,” என்றார். விளக்கைப் பிடித்துப் பார்த்தார். விரலால் கன்னத்தை அமுக்கினார். பிறகு கேட்டார்.

“இந்தத் தாம்பூலத்தை மடித்துக் கொடுக்கிறவர் யார்?”

“நான்தான்!” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பாழாய்ப்போன பெருமை.

சுண்ணாம்பு அல்ல, புகையிலை செய்த வேலை என்றார். புண் வேர் பிடித்துவிட்டது, முதலில் வலித்தபோதே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அம்மா, நீரும் வாயைத் திறவும்,” என்றார். அந்நிய ஆண் முன்னால் வாயைத் திறக்க வெட்கப்பட்டு முந்தானையால் மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என் கையைத் தட்டிவிட்டு, “திற” என்றார். என் கன்னத்திலும் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. வலியே இல்லாத திட்டு. இன்றைக்கே புகையிலையை விட்டால் அது மறையக்கூடும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆற்றங்கரையில் நிறுத்தினோம். அவர் என் மடியிலிருந்த வெற்றிலைச் செல்லப்பெட்டியை எடுத்தார். புகையிலையை முழுக்க ஆற்றில் உதறினார்.

“உங்களுக்கே வேண்டாமுன்னா எனக்கு மட்டும் எதுக்கு? அதுக்காக ஆத்துலயா போடணும்?” என்று அழுதுகொண்டே சண்டை பிடித்தேன்.

“மீனுக்குப் பல்வலி இருக்கும்ளா,” என்றார். அந்த வாயை வைத்துக்கொண்டு வேடிக்கை. பிறகு பையச் சொன்னார், “நானும் போயி நீயும் போனா பிள்ளைகளுக்கு யாரு இருக்கா?”

விடுவது லேசாக இல்லை. தலை பிளந்தது. கை நடுங்கியது. அகப்பையை எறிந்தேன், பிள்ளைகளை அடித்தேன். ஓமமும் கிராம்பும் மென்று பார்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னைக்கு ஒரு நாள் பொறு. நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம்,” என்பார். தினமும் அதையே சொன்னார். மூன்று வாரத்தில் நடுக்கம் நின்றது. ஆடி வருவதற்குள் திட்டு மறைந்தது. அவர் புண் மட்டும் வெளிக்கன்னத்துக்கு வந்துவிட்டது.

கடைசியில் ‘ளா’ போயிற்று. ‘ஏ’ மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. காலியான செல்லத்தின் மூடியை விரல் நகத்தால் தட்டிக் கூப்பிடுவார். அடுப்படியிலிருந்து ஓடுவேன். அந்தத் தட்டலும் நின்றபோது எனக்கு முப்பது வயது, மூத்தவனுக்குப் பன்னிரண்டு.

பொய் எழுத மாட்டேன். இன்றைக்கும் மழை நாளில் யாராவது புகையிலை பிரித்தால் என் வாய் ஊறுகிறது. அது புகையிலை மேல் உள்ள ஆசையா, அந்த வாசனையோடு கொடிக்காலிலிருந்து வந்தவர் மேல் உள்ள ஆசையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாய்க்கால் பக்கம் போனால் இப்போதும் காது அக்கரைக்குத்தான் போகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ‘ளா’ எப்படி இருக்குமென்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சில நாள் பிடிபடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

மகனே, உன் வலி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அன்று எங்களுக்குத் தவறிப்போன நாட்கள் உன் கையில் இருக்கின்றன. சுண்ணாம்பைக் குறைக்காதே, புகையிலையை விடு. நாளைக் காலை ரயிலில் பாளையங்கோட்டைக்குப் போவோம். நானும் வருகிறேன். உன் தலை பிளக்கும்போது பக்கத்தில் உட்கார நான் இருக்கிறேன். என்ன சொல்லவேண்டுமென்று எனக்குத் தெரியும்.

பேத்தி, விளக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இங்கே வா. உன் அப்பா கொல்லையில் கை கழுவிக்கொண்டிருக்கிறான், இப்போது உள்ளே வருவான். இதை முதலிலிருந்து வாசி, சத்தமாக. அவர் கூப்பிடுகிற இடம் வரும்போது மட்டும் அவசரப்படாதே. அந்த ‘ளா’வைக் கொஞ்சம் இழுத்து வாசி. நானும் கேட்கிறேன்.