ஏழாம் சுற்றில் நிற்காத தொப்பி

இன்று பதுளை பஸ்ஸில் தங்கை குழந்தைக்குக் குரோஷே கொக்கி ஊசியால் தொப்பி பின்னிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அம்மையார் இணையத்தில் குரோஷே வகுப்பு எடுப்பவராம்.

சுற்றின் முதல் கண்ணியில் நான் அடையாளத்துக்குக் கட்டியிருந்த சிவப்பு நூலைப் பார்த்துச் சிரித்தார்.

“இது எதுக்குங்க? எனக்கெல்லாம் மனக்கணக்குதான். நீங்க தேயிலைத் தோட்டமா? இங்கிலீஷ் பேட்டர்ன் விளங்காதுதானே.”

“கொழுந்து எடுக்குறப்போ நிரையில விட்ட எடத்துல எங்கம்மா குச்சி நட்டுட்டுத்தாங்க வருவாங்க. மறுநாள் தேட வேண்டியதில்ல. அதே மாதிரிதான் இதுவும்.”

அவர் தான் பின்னிய தொப்பியை எடுத்துக் காட்டினார்.

சோற்றுத் தட்டு அகலத்துக்குத் தட்டையாக விரிந்தது.

அவர் கையிலிருந்த பேட்டர்ன் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் அடையாளம் வைக்க வேண்டும், ஏழாம் சுற்றுக்குப் பிறகு கண்ணி கூட்டக்கூடாது என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஏழு எப்போது முடிந்ததென்றே தெரியாமல் கண்ணியைக் கூட்டி, தொப்பியைக் குழியவிடாமல் விரித்துக்கொண்டே போயிருக்கிறார் மனக்கணக்கு மேதை.

“தலையில போட்டா படிஞ்சிடுங்க,” என்றார்.

இவரிடம் படித்தவர்கள் வீட்டிலெல்லாம் இப்போது டீ கோப்பைகள் தொப்பிமேல்தான் உட்கார்ந்திருக்கும். உங்களில் யாராவது அந்த வகுப்பில் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிவப்பு நூல் மிச்சம் இருக்கிறது.