மாலினி மாமி பாடாத கீர்த்தனம்

2023 அக்டோபர் 17, செவ்வாய். மாலையில் கொலுவுக்கு விளக்கேற்றிச் சுண்டல் தாளித்தேன். டிவியில் பழைய மலையாளப் படம். முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த மாலினி மாமி நடித்தது. "இவ நம்ம ஸ்ரீவராகத்துக்காரியாக்கும்!" என்றாள் அம்மா, பெருமையாக. எனக்குக் கூசியது.

மாமி கிளப் விருந்துகளில் பெரிய மனிதர்களோடு பழகியபோது, சிபாரிசுக்காகத் தெருவே அவரைக் கொண்டாடியது. சினிமாவில் நடித்ததும் அதே தெரு முகம் சுளித்தது. அந்த 1993-இல் எங்கள் கொலுவுக்கு வந்தார். எனக்குப் பத்து வயது. மாமியின் பட்டுப்புடவையில் ஃபாரின் சென்ட் மணத்தது.

"நான் ஒரு கீர்த்தனம் பாடட்டுமா?"

"இங்கே கேமரா ஒண்ணும் இல்லியே மாமி," என்றாள் அம்மா. கூடம் முழுக்கச் சிரித்தது. தாம்பூலம்கூட வாங்காமல் மாமி எழுந்து போனார். பிறகு எங்கள் வீட்டுப்படி ஏறவே இல்லை.

டிவியில் படம் பார்த்த மறுநாள் காலை முதல் வேலையாக, குங்குமச் சிமிழோடு சாஸ்தமங்கலத்தில் அவர் இப்போதிருக்கும் வீட்டுக்குப் போய், பாட வரவேண்டுமென்று அழைத்தேன்.