சோடாத் தண்ணி

அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். மறைக்க என்ன இருக்குது? ரெண்டு பேருக்கும் ஒரே தொழில், ஆம்பளைங்க போன் பண்ணிட்டு வர்ற தொழில். பெரிய காஞ்சிபுரத்துல ஒரே மாடியில பக்கத்துப் பக்கத்து ரூம். அஞ்சு வருஷமா என்கிட்ட மட்டுமே வந்துக்கினு இருந்த தறிக்காரர் ஒருத்தர், ஒருநாள் சட்டையை மாட்டிக்கினே, "பக்கத்து ரூம் பொண்ணு நம்பர் குடேன்"னு கேட்டாரு. அடப்பாவி மனுஷா! குடுத்துத் தொலைச்சேன்.

அவ முன்னாடி சாயப் பட்டறையில வேலை பாத்தவ. அங்க பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேக வெச்சுப் பசையை எடுப்பாங்க, அப்பத்தான் நூல் மின்னும். அதையே இவ உடம்புக்கும் பண்ணா. ஒவ்வொருத்தன் போனதும் வெந்நீர்ல சோடா கரைச்சு உள்ள வரைக்கும் கழுவுவா. "பசை போச்சுன்னா சீக்கும் போச்சுக்கா"ன்னு சிரிப்பா. அந்த தைரியத்துல காண்டம் வேணாம்னு சொல்றவனையும் உள்ள விட்டுடுவா. அப்புறம் அவ வாசல்ல செருப்பு சேராம என்ன பண்ணும்?

அது தப்புன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நர்சம்மா என்னை உக்கார வெச்சு சொல்லியிருந்தாங்க. "உள்ள எதையும் ஊத்தாதீங்கம்மா, வெளிய வெறும் தண்ணி போதும். சோடா கீடா போட்டா உள்ள புண்ணாகும், அது வழியாத்தான் நோய் சுலபமா ஏறும். நோயைக் கழுவி எடுக்க முடியாது, காண்டம்தான் தடுக்கும்." இதை எங்க தொழில் பண்றவங்ககிட்ட சொல்றதுக்குத்தான் ஆஸ்பத்திரியில என்னை சம்பளத்துக்கு வெச்சிருந்தாங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிக்கிறவங்க வரைக்கும் தேடிப் போய்ச் சொன்னேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு மட்டும் சொல்லலை. நல்லா படட்டும், அப்பத்தான் அடங்குவான்னு இருந்துட்டேன்.

ஆடி மாசம் ஒருநாள் காலையில என் கதவைப் புடிச்சிக்கினு நின்னா. "அக்கா, ஒண்ணுக்குப் போனா உயிர் போகுதுக்கா. ரத்தம் வேற படுது." மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருந்துச்சு. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன்.

உள்ளெல்லாம் புண்ணாம், கூடவே வந்தவனுங்ககிட்டருந்து ஒட்டின மேகநோய் வேற. ஊசி போட்டா சரியாயிடும்னாங்க. எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுத்தாங்க. இப்ப இல்லைன்னு வந்தாலும் மறுபடி வந்து பாக்கணுமாம். நர்சம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு அவகிட்ட கேட்டாங்க. "ஏம்மா, இவங்க உனக்கு எதுவுமே சொல்லலையா?"

அவ சட்டுனு முந்திக்கினா.

"சொன்னாங்க மேடம். நான்தான் கேக்கலை."

திரும்பி வர்றப்போ ஆட்டோவுல கேட்டேன், "ஏன்டி பொய் சொன்னே?"

"நீ எல்லாருக்கும் ஏதோ சொல்லிக்கினு இருக்கேன்னு தெரியும்கா. எனக்கும் நீ வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன்."

நாலு அறை விட்டிருக்கலாம் அவ. அப்பவும், பாழாப்போன மனசு, அவமேல எனக்குப் பொறாமைதான் வந்துச்சு. அவ இடத்துல நான் இருந்திருந்தா நர்சம்மாகிட்ட போட்டுக் குடுத்திருப்பேன்.