சிவக்க மறுத்த பல்பு

ரெகுலேட்டர் என்ற பெயரை எங்கள் குடும்பத்துக்குள் முதலில் கொண்டுவந்து இறக்கியவள் நாத்தனார் மகனின் மகள். ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம். பையைத் தரையில் வீசிவிட்டு, "இன்னைக்கு ரெகுலேட்டர் என்னை அரைமணி நேரம் நிக்க வச்சு வறுத்துட்டாங்க" என்றாள்.

"அது யாருடி, அப்படி ஒரு பேரோட?"

"சயின்ஸ் மிஸ். ஒரு பலகை, அதுல ஒரு பல்பு, பக்கத்துல ஃபேன் ரெகுலேட்டர். எந்த கிளாசுக்குப் போனாலும் அதை இடுப்புல பிள்ளை மாதிரி தூக்கிட்டுத்தான் வருவாங்க. வீட்டுல தலைமாட்டுல வச்சுத் தூங்குவாங்கன்னு பின்பெஞ்சுல சொல்றாங்க."

ஆள் எப்படி இருப்பாள் என்று கேட்கக் கேட்க, ஒல்லி, உயரம், தொண்டையைச் சுற்றி எப்போதும் ஒரு துணி, பேசினால் தகரத்தில் மணல் தேய்ப்பது போன்ற குரல் என்று அடையாளம் ஒவ்வொன்றாய் வந்தது. கொழுந்தனாரின் இரண்டாவது பிள்ளை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறானே, அவன் கட்டியவள்தான்.

"அடிப்பாவி, அது உனக்கு அத்தை முறைடி!"

"அய்யய்யோ, அந்தப் பேரு நான் வைக்கல. நான் போறதுக்கு முன்னாடியே இருந்துச்சு" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அவளுக்கும் பள்ளியில் ஒரு பெயர் விழுந்திருந்தது, வக்கீல் என்று.

சொந்த அத்தையை அடையாளம் தெரியாமல் போனதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணம், காதுகுத்து, சாவு, எதிலும் அந்த மருமகளின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. தலைக்கனம் என்று பேசியவர்கள் உண்டு. உண்மையில் அவளுக்கு மாலை என்று ஒன்று இருந்ததே இல்லை. நாலரைக்குப் பள்ளி விட்டால், செருப்புக்கடை மாடியில் இருக்கும் டியூஷன் சென்டருக்கு ஓட வேண்டும். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை கத்த வேண்டும். சனிக்கிழமை முழுநாளும் அங்கேதான். பள்ளியில் அவள் தற்காலிக ஆசிரியை. சேர்ந்த வருஷம் தற்காலிகம், அவளுக்கு முன்நரை விழுந்த வருஷமும் தற்காலிகம். டியூஷன் இல்லாவிட்டால் வாடகை எழும்பாது.

தொண்டையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்திருந்தன. "பேசாம இருங்க" என்றார் டாக்டர்.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அத்தோடு அந்த வைத்தியம் முடிந்தது.

அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, காலை நீட்டி, யாரோடும் பேசாமல் ஒருமணி நேரம் உட்கார வேண்டும். வேலை நிரந்தரமானால் டியூஷனை விட்டுவிடலாம். இதை அவள் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் நாளெல்லாம் நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். ராத்திரி இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் பாதத்தை ஒருவர் பிடித்துவிட்டுக்கொள்வார்கள். அவர்கள் குடித்தனத்தில் கொஞ்சல் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

அந்த வருஷம் பள்ளியில் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. அவளுக்கும், கீழ்த்தளத்தில் கணக்கு எடுக்கும் ஆசிரியருக்கும் போட்டி. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து ஆளுக்கு ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்ப்பார், அதை வைத்து முடிவு என்றார்கள். தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, "உனக்கு எது கைவந்ததோ அதையே எடு. புதுசா எதுவும் பண்ணி மாட்டிக்காத" என்றார்.

கைவந்தது நட்சத்திரப் பாடம்தான். புத்தகத்தில் அது இரண்டு பக்கம், படித்தால் கொட்டாவி வரும். நட்சத்திரங்கள் எல்லாம் ஒன்றுபோல இல்லை, நிறத்தில் வேறு, சூட்டில் வேறு, பருமனில் வேறு, ஒளியில் வேறு என்று வரிசையாக எழுதியிருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டு, மறந்துபோவார்கள். அதிலும் ஒரு தப்பை வருஷம் தவறாமல் செய்வார்கள். சிவப்பு நட்சத்திரம்தான் எல்லாவற்றிலும் சூடு, நீலம் குளிர்ச்சி என்று எழுதி வைப்பார்கள். எத்தனை தரம் அடித்துத் திருத்தினாலும் அடுத்த வருஷப் பிள்ளைகள் அதையே எழுதுவார்கள். வெந்நீர்க் குழாயில் சிவப்பு, தண்ணீர்க் குழாயில் நீலம் என்று பார்த்து வளர்ந்த கண்கள் வேறு எதை எழுதும்?

அதற்காகத்தான் அந்தப் பலகையை அவள் செய்தது. உள்ளே கம்பிச் சுருள் இருக்கும் பழைய காலத்துக் குண்டு பல்பு. ரெகுலேட்டரை முழுசாகத் திருகினால் கம்பி வெள்ளையாகக் கூசும். கை வைக்க முடியாது. மெல்லக் குறைத்தால் மஞ்சள், இன்னும் குறைத்தால் ஆரஞ்சு, கடைசியில் அணையப்போகிற மாதிரி மங்கிய சிவப்பு. அப்போது கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சும்மா வெதுவெதுப்பு. "வாயால சொன்னா நம்ப மாட்டீங்க, உள்ளங்கை சொன்னா நம்புவீங்க" என்பாள். சூடு ஏற ஏற நிறம் சிவப்பிலிருந்து வெள்ளைக்குப் போகிறது, அதையும் தாண்டினால் நீலம். நட்சத்திரமும் அப்படித்தான். இந்தப் பாடத்தில் அவள் தொண்டைக்கும் ஓய்வு. பாதி வேலையைப் பல்பு பார்த்துக்கொள்ளும்.

அதிகாரி வந்த அன்று ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. முதலில் மெழுகுவத்திகள். ஒன்றைக் கொளுத்தினாள், பிறகு பத்தை ஒன்றாய்ச் சேர்த்துக் கொளுத்தினாள். "ரெண்டுலயும் சுடர் ஒரே சூடுதான். பத்துல ஏன் வெளிச்சம் அதிகம்?" "நிறைய இருக்கு மிஸ்." "அதேதான். சூடு ஒண்ணா இருந்தாலும் உடம்பு பெருசா இருந்தா வெளிச்சம் அதிகம்." அடுத்து ஒரு பெண்ணிடம் டார்ச்சைக் கொடுத்து வராந்தாவின் கடைசிக்கு அனுப்பினாள். போகப் போக வெளிச்சம் சுருங்கியது. "டார்ச் இளைச்சுப் போச்சா?" "இல்ல மிஸ், தூரமா போச்சு." அதிகாரிக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். காலையிலிருந்து அவருக்கு அது மூன்றாவது பள்ளி. தலைமையாசிரியை அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

பலகையின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள். சுவிட்சைப் போட்டாள். பளீரென்று வெள்ளை. ரெகுலேட்டரைத் திருகினாள். வெள்ளை. இன்னும் திருகினாள். வெள்ளைதான், ஆனால் படபடவென்று துடித்தது.

"மிஸ், நட்சத்திரம் கண்ணடிக்குது!" என்றது பின்பெஞ்சு.

இன்னும் ஒரு திருகு. பல்பு அணைந்தே போனது. ஏற்றினாள், வெள்ளை. இறக்கினாள், துடிப்பு, இருட்டு. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. குனிந்து பார்த்தாள். கண்ணாடிக் குண்டு இருந்த இடத்தில் பாலாடை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குண்டு. புத்தம்புது எல்.இ.டி. பல்பு. யாரோ மாற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் இருப்பது இரண்டே பேர். இத்தனை வருஷம் ஏமாற்றாத பலகை என்று காலையில் துண்டைக்கூட அவள் விலக்கிப் பார்க்கவில்லை.

பள்ளி முழுக்க எல்.இ.டி.தான். பழைய பல்பு எங்கே கிடைக்கும்? ஆசிரியர் அறையில் டீ போடும் கம்பிச்சுருள் மின்சார அடுப்பு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தாள். சுருள் மெல்ல மெல்லச் சூடேறிச் சிவந்தது. கையைக் காட்டிய பிள்ளைகள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள்.

வக்கீல் எழுந்து நின்றாள். "மிஸ், சிவப்பா இருக்கு. சுடுது. அப்ப சிவப்பு நட்சத்திரம்தானே மிஸ் சூடு? நான் நினைச்சதுதானே சரி?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஜெயித்துவிட்ட சிரிப்பு. அதிகாரியும் கைக்குட்டைக்குள் சிரித்தார்.

"இல்லம்மா. நமக்கு இது சூடு. ஆனா இது வெள்ளையாகற அளவுக்குச் சூடாகல. இதைவிடச் சூடானா மஞ்சள், அதைவிட..." என்று தொடங்கினாள். அதைவிடச் சூடானதைக் காட்ட கையில் ஒன்றும் இல்லை. சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். சொல்வதற்குக் குரல் வேண்டும். பாதி வாக்கியத்தில் அது காற்றாகிப்போனது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் சிவப்புதான் சூடு என்று பேசிக்கொண்டே வெளியே போனார்கள்.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. போகும்போது நின்று, "முதல் பாதி ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஆனா நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்" என்றார். அவள் தலையாட்டினாள். அன்று மாலையும் டியூஷனுக்குப் போனாள். பேச முடியாததால் எல்லாவற்றையும் போர்டில் எழுதிப்போட்டு, கைவலியோடு வீடு திரும்பினாள்.

கணவர் வாசல் வரைக்கும் வந்து நின்றிருந்தார். "என்னம்மா, பல்பு எப்படி? பழசு கண்ணாடியெல்லாம் கறுத்துப்போய் அசிங்கமா இருந்துச்சு. அதிகாரி முன்னாடி நல்லா இருக்கட்டுமேன்னு நேத்து வாங்கிப் போட்டேன். உனக்குச் சொல்லாம வச்சா நீ சந்தோஷப்படுவேன்னு பார்த்தேன். ரெண்டு வருஷம் வாரன்ட்டி."

கத்தியிருப்பாள். குரல் இல்லை. கிசுகிசுவென்று, "அந்த பல்பு சூடாகாதுங்க" என்றாள்.

"அதுக்குத்தானேம்மா எல்லாரும் அதை வாங்கறாங்க?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை அவள் துண்டுதுண்டாகச் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. பழைய பல்பு எங்கே என்று கேட்டாள். குப்பையில் போட்டுவிட்டார். அன்று யாரும் யார் காலையும் பிடித்துவிடவில்லை.

இடம் கணக்கு ஆசிரியருக்குப் போயிற்று. அவளும் போய் வாழ்த்துச் சொன்னாள். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான், பாவம், அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

மருந்துக்கடைக்காரர் மட்டும் நிம்மதியில்லாமல் அலைந்தார். சாப்பாட்டு நேரத்தில் கடைகடையாய் ஏறி இறங்கினார். "அந்தக் காலத்துப் பல்பா? கரன்ட் பில்லைக் கட்டவே ஆசைப்படறீங்களா சார்?" என்று சிரித்தார்கள். கடைசியில், மூடிக்கொண்டிருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஒன்று கிடைத்தது. பொங்கிவந்த பாலை எடுத்துவருவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அவள் வாங்கி, பலகையில் மாட்டிப் பார்த்தாள். திருகினாள். சிவந்தது. "சரிங்க" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம்.

மறுநாள் அதே வகுப்பில், அதிகாரி இல்லாமல், திரும்ப அந்தப் பாடத்தை எடுத்தாள். வக்கீலைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னாள். வெள்ளையில் அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள். சிவப்பு வரும்போது அவளாகவே கையைக் கிட்டே கொண்டுபோனாள்.

"மிஸ்... சிவப்பாகும்போது சூடு குறையுது."

"ம்."

"அப்ப சிவப்பு நட்சத்திரம் எல்லாம் களைச்சுப்போன நட்சத்திரமா மிஸ்?"

"களைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. சூடு கம்மி, அவ்வளவுதான். சிலது சின்னது, மங்கலா எரியும். சிலது சூடு கம்மியா இருந்தாலும் உடம்பு ரொம்பப் பெருசு, அதனால பிரமாதமா தெரியும். பரீட்சையில களைப்புன்னு எழுதி வைக்காத, மார்க் போட மாட்டேன்."

"அப்ப குழாய்ல மட்டும் ஏன் மிஸ் சிவப்பு பெயின்ட் அடிச்சிருக்காங்க?"

"அது பிளம்பரைக் கேளு. உட்காரு."

அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பெண் அழுதாள். "நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா அத்தைக்கு வேலை கிடைச்சிருக்கும்ல?" என்று கேட்டாள். அவளை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

அடுத்த மாதம் டியூஷன் சென்டர்க்காரர், "மேடம், இனிமே ஞாயித்துக்கிழமையும் கிளாஸ் வச்சுடலாம், பரீட்சை வருது" என்றார். அவள் சாக்பீஸைப் பெட்டியில் போட்டாள். "நாளையிலேர்ந்து நான் வரல சார்" என்றாள். அப்படிச் சொல்லப்போவது வாயைத் திறக்கிற வரைக்கும் அவளுக்கே தெரியாது. வேலை நிரந்தரமானால் விடலாம் என்று வைத்திருந்ததை, நிரந்தரமாகாமலே விட்டாள். இனி எதற்காகக் காத்திருப்பது, தொண்டை முழுசாகப் போவதற்கா?

கணவரிடம் சொன்னபோது அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வாடகை?" என்றார்.

"சின்ன வீடா பார்க்கலாங்க."

"சாமானெல்லாம் எங்க வைக்கறது?"

"வச்சிருக்கறதே நாலு சாமான். அதுல ஒண்ணு நீங்க."

அவர் சிரித்துவிட்டார். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இந்தக் காலத்தில் வருகிற வரும்படியை யாராவது உதறுவார்களா, மூளை பிசகிவிட்டதா என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அவள் காதில் வாங்கவில்லை. வீடு மாற்றிய நாளில் உதவிக்குப் போனவள் வக்கீல் மட்டும்தான்.

இப்போது ரெகுலேட்டர் கணவரோடு ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், பின்பக்கத்து ஒற்றை அறையில் இருக்கிறாள். அதே பள்ளியில் இன்னும் தற்காலிக ஆசிரியைதான். குரல் பாதிதான் திரும்பியிருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் அவளை வீட்டில் பார்க்கலாம்.