அமல்ராஜ் மாமா கழுவாத ஃபில்டர்

அமல்ராஜ் மாமா போய்விட்டார்.

கடலூர் முதுநகரில் டூவீலர் மெக்கானிக். கடைக்கு போர்டு கூடக் கிடையாது... பெயரைச் சொன்னால் ஷேர் ஆட்டோக்காரரே இறக்கிவிடுவார். முந்தாநாள் சாயங்காலம் பூசை முடிந்து அடக்கம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

அன்றைக்கு அழுதேன். நேற்றிலிருந்து கோபம் கோபமாக வருகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. தினமும் கடலூரிலிருந்து பைக்கில்தான். அந்த ஓட்டத்துக்கு ஆயில் சீக்கிரம் கறுத்துவிடும். ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் கவனிக்க வேண்டும்.

ஃபில்டரில் ரெண்டு வகை. பேப்பர் என்றால் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். ஸ்டீல் வலை என்றால் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து அதையே திரும்பத் திரும்ப மாட்டலாம்.

நான் ஸ்டீல் கட்சி. நாலு வருஷத்துக்கு முன்னால், யூடியூபில் பத்து வீடியோ பார்த்துவிட்டு ஆன்லைனில் ஒன்று வாங்கிக்கொண்டு போய் மாமா முன்னால் நீட்டினேன்.

"மாப்ள, இதுல பெரிய தூசிதான் நிக்கும். பொடியெல்லாம் உள்ள போயிடும். பேப்பரே போட்டுக்க."

"நீங்க இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கீங்க மாமா. மொதல்ல வீடியோவ பாருங்க."

ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் அவர்தான் இறங்கிவந்தார். "சரி குடு, போட்டு வுடுறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் கழுவிக் காய வக்கணும், டைம் ஜாஸ்தி ஆவும். நீ போய் டீ குடிச்சிட்டு வா."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். சர்வீஸ் என்றால் எனக்கு டீ. திரும்பி வரும்போது ஃபில்டர் மூடியில் போல்ட் முறுக்கியாகியிருக்கும். பக்கத்தில் ஒரு டப்பாவில் கறுப்பாகப் பெட்ரோல்.

"எப்டி மாமா இருக்கு நம்ம ஃபில்டரு?"

"கழுவுன வெள்ளிக் கொலுசாட்டம் இருக்கு மாப்ள."

வெள்ளிக் கொலுசு!

நான் சும்மா இருப்பேனா... இதே முகநூலில் பெருமையாக எழுதினேன். நீங்களும் லைக் போட்டீர்கள். என் பேச்சைக் கேட்டு ரஃபீக் ஒன்று வாங்கினான். பரங்கிப்பேட்டையிலிருந்து வருகிறவன், ஸ்கேன் சென்டரில் எனக்கு அடுத்த சீட்.

ஒன்றரை வருஷம் ஓடியிருக்கும். வெள்ளாற்றுப் பாலத்தில் அவன் வண்டி சத்தம் போட்டு நின்றது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், ஆயிலோடு பொடி போய் எஞ்சின் பேரிங்கை அரித்துவிட்டது என்றாராம். ரஃபீக் ஃபில்டரைக் கொண்டுவந்து என் டேபிளில் வைத்தான்.

"உன்னோடது மட்டும் எப்டிடா ஓடுது?"

"நாங்க ஒழுங்கா கழுவுறோம். கழுவத் தெரியாதவன்லாம் இத ஏன்டா வாங்குற?"

பேஷன்ட்டுகள் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு மாறினான். அதற்கப்புறம் எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான்.

இதையும் மாமாவிடம் வந்து சொன்னேன். "அவனுக்குக் கழுவத் தெரியல மாமா."

ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "ம்... தெரியல போல" என்றார்.

அந்த "ம்" இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நேற்று துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டி எடுத்துவந்தார். மேலே என் பெயர், என் அட்ரஸ். உள்ளே ஸ்டீல் ஃபில்டர். ஒரு சொட்டு ஆயில் படவில்லை. பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை.

"இத அவரு போடவே இல்ல மாப்ள. எப்பவும் பேப்பர்தான். 'அவன் பேசிட்டுப் போறான், வண்டி ஓடணும்'னுவாரு." அழுதுகொண்டே சிரித்தார் அத்தை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து நானே மூடியைக் கழற்றினேன். ஆயில் காலில் வழிந்தது. உள்ளே பேப்பர் ஃபில்டர். போன மாசம் மாட்டினது. அன்றைக்கு அவருக்கு உட்கார்ந்து எழவே மூச்சு வாங்கியது. அந்த நிலையிலும் என்னை டீ குடிக்கத்தான் அனுப்பினார்.

என்னை ஏமாற்றியதைக்கூட விடுங்கள் மாமா. ரஃபீக் விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. "மாப்ள, உன் வண்டில இருக்கறதும் பேப்பர்தான்டா"ன்னு ஒரே ஒரு வார்த்தை... அன்றைக்கே போய் அவன் கையைப் பிடித்திருப்பேன்.

பிடித்திருப்பேனா? தெரியாது. ஆனால் அதை நீங்களே முடிவு பண்ணிவிட்டீர்கள். என்னை ஊருக்கெல்லாம் உளறவிட்டு, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

இன்று காலை அந்தப் பெட்டியை ரஃபீக் டேபிளில் வைத்தேன்.

"என்னாது, புதுசா?"

"நாலு வருஷம் முன்னாடி வாங்குனது."

பிளாஸ்டிக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கழுவவே இல்லியா?"

"மாட்டவே இல்லடா. எனக்கே நேத்துதான் தெரியும். அன்னிக்கி நான் பேசினது தப்பு."

அவன் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டான்.

அவ்வளவுதான். கூப்பிட்டுச் சண்டை போடக்கூட நீங்கள் இல்லை.

போய்ட்டு வாங்க மாமா. கோவம் இன்னும் போகல.

வண்டி நல்லாத்தான் ஓடுது.